படிப்பொறி இலக்கணம்: ஆவடிப் பாடம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் இல்லாத நூலைப் புலவர்கள் ஏற்பதில்லை. ரீட்மி இல்லாத மென்பொருளைப் புரோகிராமர்கள் ஏற்பதில்லை. ஆகவே முறைப்படி தொடங்குவோம்.

நுதலிய பொருள்: ஒரு விர்ச்சுவல் மெஷினைப் படியெடுத்த பின் அந்தப் படிக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுத்தல். எல்லை: கிழக்கே அம்பத்தூர் ஓ.டி., மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி, வடக்கே மோரை. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்ட பின் மேற்கெல்லை சற்று உயர்ந்திருக்கிறது. இந்த எல்லைக்கு வெளியேயும் விஎம்கள் படியெடுக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். அவை இந்நூலில் ஆராயப்படவில்லை. கேட்போர்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "ஒரே ஒரு சர்வர் எடுத்துக் குடுத்துட்டுப் போயிடுப்பா, அஞ்சு நிமிஷ வேல" என்று நிறுத்தப்பட்டவர். பயன்: அவர் கடைசி லோக்கலையாவது பிடித்தல். யாப்பு: உரைநடை, இடையிடையே லாக் ஃபைல்.

விர்ச்சுவல் மெஷின் இன்னதென்று அறியாதார்க்கு: அது ஒரு கம்ப்யூட்டருக்குள் வெறும் ஃபைல்களாக வாழும் இன்னொரு கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க் ஒரு பெரிய ஃபைல். மதர்போர்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் சேர்ந்து இன்னொரு சின்ன ஃபைல். ஐபிஎம் 1972-இலேயே விஎம்/370 என்ற பெயரில் இதைப் பெரிய இயந்திரங்களுக்குச் செய்து கொடுத்தது. 1999-இல் விஎம்வேர் இதை மேசைமேல் இறக்கி வைத்தது. கம்ப்யூட்டர் ஃபைலாகிவிட்டால் அதைக் காப்பி, பேஸ்ட் செய்யலாம். செய்தார்கள். இலக்கணத்தின் தேவை அந்த இடத்தில் பிறந்தது.

முதல், வழி, சார்பு

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் விஎம்வேர் லைசென்ஸ் கிடைக்காததால் அவர் நூல்களோடு நிறுத்திக்கொண்டார் என்று கொள்க. பகுப்பு அப்படியே பொருந்துகிறது. முதற்பொறி என்பது ஒருவர் உட்கார்ந்து, ஐஎஸ்ஓ ஏற்றி, பார்ட்டிஷன் பிரித்து, டைம்ஸோன் கொல்கத்தா என்று தேர்ந்தெடுத்து, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் கொடுத்து நிறுவியது. வழிப்பொறி என்பது முழுக் குளோன். முதற்பொறியின் டிஸ்க் முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டது, முதற்பொறி ஒழிந்தாலும் பிழைக்கும். சார்புப்பொறி என்பது லிங்க்டு குளோன். தாயின் டிஸ்க்கைப் படித்துக்கொண்டு, தான் மாற்றியதை மட்டும் தனியே எழுதிவைக்கும். இடம் மிச்சம். "இந்தப் பழைய விஎம்மை யாரும் யூஸ் பண்ணலையே" என்று எவராவது தாயை டிலீட் செய்யும் நாள்வரை நன்றாக வாழும்.

முகவரி விஷயத்தில் வழிக்கும் சார்புக்கும் வேற்றுமை இல்லை. இரண்டுமே கண் திறக்கும்போது இன்னொருவர் பெயரைத் தன் பெயர் என்றே சொல்கின்றன. படியெடுப்பது நிமிடக் கணக்கு வேலை. எடுத்த படியைத் தான் யார் என்பதை மறக்கச் செய்வதுதான் தொழில், சம்பளம் அதற்குத்தான்.

இதை ஆராய ஆவடி எதற்கு என்று கேட்பார்க்கு விடை: படியெடுப்பதில் இந்த ஊருக்குள்ள பழக்கம் பெங்களூருக்குக் கிடையாது. 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்த டாங்கியை 1965-இல் விஜயந்தாவாக்கி வெளியே விட்டது. பிறகு சோவியத் டி-72 இங்கே அஜேயா ஆயிற்று. ரஷ்ய டி-90 பீஷ்மா ஆயிற்று. இங்கே கட்டிய முதல் பத்து பீஷ்மாக்கள் 2009 ஆகஸ்டில் ராணுவத்தின் கைக்குப் போயின. விஜயந்தாவே இரண்டாயிரத்தைத் தொட்டது. அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த அத்தனை டாங்கிகளில் எந்த இரண்டும் ஒரே பெயருக்குச் சண்டையிட்டதாகத் தகவல் இல்லை. ராணுவ வண்டி ஒவ்வொன்றின் மேலும் நிமிர்ந்த அம்புக்குறி, ஆண்டுக்கு இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, வரிசை எண் என்று தனிப் பதிவெண் இருக்கும். டாங்கியைப் படியெடுத்தவர்கள் எண்ணைப் படியெடுக்கவில்லை. விஎம் எடுப்பவர்கள் முதல் வேலையாக எண்ணையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள்.

பாதுகாப்புத் துறைக்கு வெளியிலும் சான்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடியிலிருந்து ரயில் பாதையில் திருவள்ளூர்ப் பக்கம் போனால் வரும் காக்களூரில், மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிறுவப்பட்டு லட்சக்கணக்கில் வந்த பெட்டிகள் அவை. வால்பேப்பரிலிருந்து அனைத்தும் ஒன்றே. ஆயினும் ஒரே வகுப்பில் நாற்பதைத் திறந்தாலும் நெட்வொர்க் கலங்கவில்லை, ஏனென்றால் படியெடுக்கப்பட்டது மூளை மட்டும். உடல் ஒவ்வொன்றுக்கும் வேறு. உடலில் இருந்த நெட்வொர்க் கார்டு, கம்பெனியிலிருந்தே தனக்கென்று ஒரு முகவரியோடு வந்தது. விஎம்முக்கோ உடலும் ஒரு ஃபைல். அந்த முகவரி அந்த ஃபைலில் ஒரு வரி.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பைத் தவிர்க்க முடியவில்லை. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. நாட்டுப் பொருளாதாரத்துக்கு அது என்ன செய்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நெட்வொர்க்கைப் பொறுத்தவரை ஒத்துப்போய்விட்டார்கள்: எல்லோருக்கும் ஒரே ஐபி கிடைத்தால் எவருக்கும் நெட் வராது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான மற்றொன்று விரித்தலை இந்தப் பத்தியில் செய்து காட்டினேன். மற்ற குற்றங்களைக் குளோன்களே செய்து காட்டும்.

கூறியது கூறல்

நெட்வொர்க் கார்டின் பிறவி முகவரிக்கு மேக் என்று பெயர். 48 பிட், எழுதினால் பன்னிரண்டு இலக்கம். முதல் பாதி கம்பெனியைக் காட்டும், அதை ஐஇஇஇ என்ற அமைப்பு வழங்கும். பின்பாதி கம்பெனியின் விருப்பம். எனவே மேக்கைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்லலாம். 00:50:56 என்றால் விஎம்வேர். 52:54:00 என்றால் கியூஇஎம்யூ. 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். ஆனால் ஐஇஇஇ பதிவேட்டில் அந்த எண் பிசிஎஸ் சிஸ்டம்டெக்னிக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பேரில் இருக்கிறது. உலகத்து விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்கள் அனைத்தும் கோத்திரம் கேட்டால் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கின்றன. பின்பாதி 24 பிட்டில் 1,67,77,216 முகவரிகள் அடங்கும். ஆவடி மாநகராட்சியில் ஆளுக்கு ஒரு விஎம் கொடுத்தாலும் மிஞ்சும். இவ்வளவு இருந்தும் இரண்டு விஎம்கள் ஒரே மேக்கோடு அலைவது பற்றாக்குறையால் அன்று, பழக்கத்தால்.

விஎம்வேரில் ஒரு விஎம்மின் ஃபோல்டரை அப்படியே எடுத்து வேறிடத்தில் வைத்துத் திறந்தால் அது ஒரு கேள்வி கேட்கும்: இதை நகர்த்தினாயா, படியெடுத்தாயா? படியெடுத்தேன் என்றால் புது மேக் உண்டாகும். நகர்த்தினேன் என்றால் பழையது நீடிக்கும். கேள்வி எளிதுதான். ஆனால் பதில் சொல்பவர் நிலைமையைப் பாருங்கள். அவர் பென் டிரைவில் காப்பி செய்து, அந்தப் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, இரண்டாம் மாடியிலிருந்து கீழே நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டுமே உண்மை. பாதிப்பேர் மனசாட்சிப்படி 'நகர்த்தினேன்' என்று அழுத்துகிறார்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்துவதில்லை. குளோன் பெட்டியில் மேக் முகவரிக் கொள்கை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எல்லா கார்டுகளுக்கும் புதிது உண்டாக்கு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொள்கை என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மவர்கள் படிக்காமல் நெக்ஸ்ட் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரே மேக்கில் இருவர் உலவினால் நடப்பது இது. ஸ்விட்சு ஒரு பட்டியல் வைத்திருக்கும்: எந்த மேக் எந்தப் போர்ட்டில். கடைசியாக எந்தப் போர்ட்டிலிருந்து குரல் வந்ததோ அங்கேதான் அவர் இருக்கிறார் என்பது அதன் நம்பிக்கை. முதற்பொறி மூன்றாம் போர்ட்டில் பேசும், பட்டியல் மாறும். குளோன் பதினொன்றில் பேசும், பட்டியல் மாறும். விநாடிதோறும் மாறும். நல்ல ஸ்விட்சாக இருந்தால், இந்த மேக் இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் இடையே படபடக்கிறது என்று லாக்கில் எழுதிவைக்கும். அந்த லாக்கை யார் படிப்பது என்பது வேறு அதிகாரம்.

மாறுகொளக் கூறல்

மேக்கைத் திருத்திவிட்டு ஐபியை விட்டுவிட்டால் குற்றம் வேறு இனத்துக்கு மாறுகிறது. முதற்பொறியில் நிலையான ஐபி எழுதப்பட்டிருந்தால் குளோனிலும் அதுவே எழுதப்பட்டிருக்கும். இன்ன ஐபி யாருடையது என்று ஒருவர் கூவினால், என்னுடையது, இதோ என் மேக் என்று உரியவர் பதில் சொல்வதே ஏஆர்பி என்ற நெறி. டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதியது. பதில் சொன்னவர் உரியவர்தானா என்று சரிபார்க்கும் பிரிவு அதில் இல்லை. அது நல்லவர்களின் காலம். முகவரியை எடுத்துக்கொள்ளும் முன், இது ஏற்கனவே யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் ஒழுக்கத்தை ஸ்டூவர்ட் செஷயர் 2008-இல்தான் முறையாக எழுதிவைத்தார். நடுவில் 26 ஆண்டுகள்.

இரண்டு பொறிகள் ஒரே ஐபிக்குப் பதில் சொல்லும்போது அலுவலகத்தில் பின்வரும் உரையாடல் எழும். எந்தக் கம்பெனியாயினும் பாட வேறுபாடு அதிகம் இல்லை.

"அண்ணா, பிங் போகுது."

"சரி, அப்பறம் என்ன?"

"இல்லண்ணா, போகல."

"டேய், போகுதா போகலையா?"

"போகுதுண்ணா. ஆனா லாகின் பண்ணா பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது. நேத்துகூட போட்டேன்."

பிங்குக்குப் பதில் சொன்னது ஒரு பொறி, லாகின் கேட்டது இன்னொன்று. தம்பி இரண்டு நிமிடம் கழித்து மறுபடி முயலும்போது ஏஆர்பி கேஷ் மாறியிருக்கும், பாஸ்வேர்டு சரியாகிவிடும். "தானா சரியாயிடுச்சுண்ணா." தானாகச் சரியானது எதுவும் நெட்வொர்க்கில் சரியாகவில்லை, அடுத்த முறை மாறும் வரை பொறுத்திருக்கிறது, அவ்வளவே. இந்த நோயை உறுதிசெய்ய எளிய வழி, தன் விஎம்மை ஷட்டவுன் செய்துவிட்டு அதன் ஐபிக்கு பிங் அடித்துப் பார்ப்பது. அணைந்து கிடப்பவர் பதில் சொன்னால் ஊரில் இன்னொருவர் இருக்கிறார் என்று பொருள்.

ஐபி வழங்குவதில் உரைகாரர்கள் இரு பிரிவு. நிலைமுகவரி மரபினர் ஐபியைக் கையால் எழுதி, யாருக்கு எது என்பதை ஓர் எக்செல் ஷீட்டில் காப்பார்கள். அந்த எக்செலின் பெயர் 'ஐபி லிஸ்ட் ஃபைனல் புதுசு'. அதற்கும் மூன்று படிகள் உண்டு, மூன்றிலும் 192.168.1.57 வேறு வேறு ஆளுடையது. டிஎச்சிபி மரபினர் எல்லாவற்றையும் சர்வர் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இந்த மேக் வந்தால் இந்த ஐபி என்று அவர்கள் சர்வரில் ஒதுக்கிவைத்திருப்பார்கள். குளோனுக்கு மேக் மாறியதும் அந்த ஒதுக்கீடு பொருந்தாது, பொதுக் குளத்திலிருந்து ஏதோ ஒன்று வரும். இரு மரபும் ஒருவரை ஒருவர் நூற்றாண்டாக மறுத்துவருகின்றன என்று எழுத ஆசைதான். ஆனால் 192.168 எனத் தொடங்கும் 65,536 தனிமுகவரிகள் இன்று வழங்கும் வடிவில் ஏட்டில் ஏறியதே 1996 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி படியெடுக்கப்பட்டுப் பிறந்தது. டாலிக்கு ஐபி தேவைப்படவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நூல் குன்றக் கூறல் ஆகும். விர்ச்சுவல்பாக்ஸில் நாட் என்ற முறையில் விட்டால் எந்த விஎம்மும் தனக்கு 10.0.2.15 என்ற ஐபி கிடைத்ததாகச் சொல்லும். பக்கத்து விஎம்மும் 10.0.2.15. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் 10.0.2.15, அயர்லாந்திலும் அதுவே. சண்டை இல்லை. இந்தப் பக்கத்தில் வீடு தேடிய எவருக்கும் இது புதிதன்று: எந்த நகருக்குள் நுழைந்தாலும் ஒரு முதல் குறுக்குத் தெரு இருக்கும், அதில் எண் 4 இருக்கும், அதற்கே புது எண் 9 என்றும் எழுதியிருக்கும். நகருக்குள் அது போதும். நகருக்கு வெளியே கடிதம் போகும்போது நகர் பெயரும் பின்கோடும் சேர்ந்துகொள்ளும். நாட்டுக்குள் இருக்கும் விஎம் ஒவ்வொன்றும் தனி நகர். சிக்கல் எப்போது என்றால், "வெளில இருந்து கனெக்ட் ஆகல" என்று யாரோ பிரிட்ஜ் என்ற முறைக்கு மாற்றும்போது. அன்று எல்லா முதல் குறுக்குத் தெருக்களும் ஒரே நகரில் இறக்கப்படும்.

மயங்க வைத்தல், நின்று பயன் இன்மை

இனி இந்நூலின் நடுநாயகமான பகுதி. 2010-இல் வந்த ரெட்ஹேட் 6-உம் அதன் வழிநூலான சென்ட்ஓஎஸ் 6-உம் நம் பக்கத்துக் கம்பெனிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தன. சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பரில் ஆதரவு முடிந்தது. ஆட்சி அன்று முடிந்ததா என்று சர்வர் அறையில் கேட்டுக்கொள்க.

அதில் யூடெவ் என்றொரு கணக்கர் உண்டு. தான் கண்ட ஒவ்வொரு மேக்குக்கும் ஒரு பெயர் வைத்து, 70 என்று தொடங்கும் ஒரு விதிக் கோப்பில் எழுதிவிடுவார். முதல் கார்டு ஈத்0. எழுதியதை மாற்றமாட்டார். குளோன் எடுக்கிறோம். ஒழுக்கமாகப் புது மேக் கொடுக்கிறோம். குளோன் கண் திறக்கிறது. கணக்கர் ஏட்டைப் பார்க்கிறார்: ஈத்0 என்ற பெயர் பழைய மேக்குக்கு ஒதுக்கப்பட்டது. பழைய மேக் இங்கே இல்லை. இல்லாவிட்டால் என்ன, ஒதுக்கியது ஒதுக்கியதுதான். புதிதாக வந்திருக்கும் கார்டுக்கு அடுத்த பெயர்: ஈத்1. ஐபி, நெட்மாஸ்க், கேட்வே எல்லாம் எழுதப்பட்ட கோப்போ ஈத்0 பெயரில் இருக்கிறது. போதாக்குறைக்கு அதற்குள்ளும் பழைய மேக் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அமைப்பு உள்ளவனுக்கு உடல் இல்லை. உடல் உள்ளவனுக்கு அமைப்பு இல்லை. திரையில் ஒரு வரி வரும்: ஈத்0 என்ற சாதனம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே தொடக்கத்தைத் தாமதிக்கிறேன். லினக்ஸ் வரலாற்றில் இதைவிடப் பணிவான மறுப்பு எழுதப்பட்டதில்லை.

விஎம் ஓடுகிறது. கன்சோலில் பச்சை முக்கோணம் தெரிகிறது. நெட் இல்லை. நின்று பயன் இன்மை என்ற குற்றத்துக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. 'நகர்த்தினேன்' என்று பொய் சொன்னவரின் குளோனில் மேக் மாறவில்லை; ஆகவே ஈத்0 உடனே எழுந்து வேலை செய்யும். உண்மை சொன்னவருக்குத்தான் இந்தத் தண்டனை. அறநூலார் இதற்கு விளக்கம் தர வேண்டும். எஞ்சினியரிங் கல்லூரியில் தரவில்லை.

பரிகாரம் குறுகியது. அந்த விதிக் கோப்பை அழி, ஈத்0 கோப்பில் மேக் வரியையும் யூயூஐடி வரியையும் நீக்கு, ரீபூட். 2013-இல் சிஸ்டம்டி தலையிட்டு, பெயரை மேக்கைப் பார்த்து வைக்காமல் கார்டு செருகப்பட்ட இடத்தைப் பார்த்து வைத்தது: விஎம்வேரில் ஈஎன்எஸ்33, விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎன்பி0எஸ்3. கணக்கர் ஓய்வு பெற்றார். எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். பிறகு உபுண்டு சர்வரில் கிளவுட்-இனிட் என்ற இளைஞர் சேர்ந்தார். நெட்பிளான் கோப்பை அவரே எழுதுகிறார். அதில் இந்த மேக் இருந்தால் மட்டும் என்றொரு நிபந்தனையையும் சேர்த்தே எழுதிவைக்கிறார். முன்னவருக்கும் இவருக்கும் உறவு இல்லை என்கிறார்கள். சாயல் இருக்கிறது.

ஒரே ஆன்மா

மேக் வேறு, ஐபி டிஎச்சிபியிலிருந்து வருகிறது, பெயரும் சரி. இனி என்ன குற்றம் வரமுடியும் என்று 2018 ஏப்ரல் வரை நம்பினோம். உபுண்டு 18.04 வந்தது.

"அண்ணா, ரெண்டு விஎம்முக்கும் .57 தான் வருது."

"மேக் மாத்தலையாடா?"

"மாத்திட்டேண்ணா. வேற வேற. போட்டோ எடுத்து அனுப்பறேன் பாருங்க."

போட்டோவில் மேக் வேறு வேறாகவே இருக்கும். ரவுட்டரின் லீஸ் பட்டியலில் ஒரே வரி. தம்பி பொய் சொல்லவில்லை. சிஸ்டம்டி உள்ள லினக்ஸில், ஈடிசி அடைவுக்குள் மெஷின்-ஐடி என்ற கோப்பில் 32 இலக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கும். நிறுவும் நாளில் உண்டாவது, உடலைச் சாராதது. டிஎச்சிபி சர்வரிடம் ஐபி கேட்கப் போகும்போது உபுண்டு 18.04 தன் மேக்கைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளாது. இந்த ஆன்மாவிலிருந்து கடைந்தெடுத்த அடையாள அட்டை ஒன்றை நீட்டும். அட்டை நீட்டப்பட்டால் மேக்கைப் பார்க்காதே, அட்டையைப் பார் என்பது 1997-இன் டிஎச்சிபி விதிநூலிலேயே உள்ளது. ரவுட்டர் விதிப்படி நடக்கிறது. அதற்கு இருவரும் ஒருவரே. உடல்கள் பல, ஆன்மா ஒன்று என்ற கொள்கையை இத்தனை கறாராகப் பின்பற்றும் வேறொரு சாதனத்தை நான் அறியேன். அதுவும் கேபிள் டிவிக்காரர் இணைப்போடு இலவசமாகத் தந்தது.

இதற்குப் பரிகாரம் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குதல். கோப்பையே அழிப்பதைவிட, வெறுமையாக விட்டுவைப்பது மரபு; அடுத்த பூட்டில் பொறியே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். டிபஸ் என்பவரிடமும் இதன் பழைய படி ஒன்று இருக்கக்கூடும், அதையும் பார்க்க வேண்டும். அல்லது நெட்பிளானில், அட்டை வேண்டாம், மேக்கையே அடையாளமாகக் கொள் என்று ஒரு வரி எழுதலாம். இரண்டாவது வழி ஐபியை மட்டும் காப்பாற்றும். ஆன்மா ஒன்றாகவே இருக்கும். லாக்குகளை ஓரிடத்தில் சேர்க்கும் நாளில் அந்தக் கணக்கு வேறு வாசலில் வரும்.

எஸ்எஸ்எச் சாவி தனி வகை. ஒவ்வொரு சர்வரும் தான் தான்தான் என்று நிரூபிக்க ஒரு சாவி வைத்திருக்கும். அது மாறினால், தொலைப் பொறியின் அடையாளம் மாறிவிட்டது என்று திரை முழுக்கப் பெரிய எழுத்தில் அலறும். குளோன்களில் அந்த அலறல் கேட்காது. எல்லாவற்றிலும் ஒரே சாவி. பலர் இதை வசதி என்று கருதுகிறார்கள். ஒரு குளோனின் சாவி வெளியாளிடம் சிக்கினால் அவன் மற்ற குளோன்களாகவும் வேடமிடலாம். அப்போதும் அலறல் கேட்காது. சாவிகளை அழித்துவிட்டால் புதிது செய்ய ஒரு கட்டளை போதும்.

விண்டோஸ் பற்றி நீட்ட மனமில்லை. அதில் எஸ்ஐடி என்ற அடையாளம். அதைப் புதுப்பிக்கவென்றே நியூஎஸ்ஐடி என்ற கருவியைச் செய்த மார்க் ருசினோவிச், 2009 நவம்பரில், ஒரே எஸ்ஐடி இருந்தால் ஆபத்து என்பது கட்டுக்கதை என்று தாமே எழுதி, தம் கருவியையும் ஓய்வுக்கு அனுப்பினார். உலகம் நிம்மதியாகக் கோஸ்ட் மென்பொருளால் படியெடுத்தது. 2025-இல் வந்த விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பின், எஸ்ஐடி ஒன்றாக உள்ள பொறிகள் ஒன்றையொன்று லாகின் செய்ய விடாமல் தடுக்கத் தொடங்கின. படியெடுக்கும் முன் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டியிருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. சிஸ்பிரெப் ஓட்ட வேண்டும் என்று அது எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஹோஸ்ட்நேம் மாற்றுவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 'நியூ_சர்வர்_2' என்று வைப்பார்கள். எழுத்து, எண், நடுவே சிறுகோடு ஆகியவற்றுக்கே ஹோஸ்ட்நேமில் அனுமதி, அடிக்கோட்டுக்கு இல்லை. வழூஉச்சொற் புணர்த்தல். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரை விட்டுவிட்டால், சூடோ அடிக்கும் ஒவ்வொரு முறையும், இந்தப் பெயரை என்னால் அறிய முடியவில்லை என்று அது முனகிக்கொண்டே வேலை செய்யும். முனகலுக்குப் பழகிவிடலாம். நிறைய சர்வர் அறைகள் பழகிவிட்டன.

செய்முறை

மேற்கண்ட குற்றங்களைப் படிகளில் ஒவ்வொன்றாகத் திருத்துவது வழுவமைதி தேடுவது. முதற்பொறியிலேயே திருத்திவிட்டுப் படியெடுப்பதே முறை. அப்படி மறதி ஊட்டப்பட்ட முதற்பொறிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். அதில் பழைய யூடெவ் விதி, மெஷின்-ஐடி, எஸ்எஸ்எச் சாவி, டிஎச்சிபி லீஸ், லாக், கமாண்டு ஹிஸ்டரி எல்லாம் துடைக்கப்பட வேண்டும். கமாண்டு ஹிஸ்டரியைத் துடைப்பது நெட்வொர்க்குக்காக அன்று, மானத்துக்காக. கையால் செய்யச் சோம்பினால் விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவி அணைந்து கிடக்கும் விஎம்மின் டிஸ்க்கைத் திறந்து இத்தனையையும் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் அதைப் பிரயோகித்தால் டிஸ்க் பாழாகும். அதன் ஆவணமே இதை எச்சரிக்கிறது.

படி எடுக்கும்போது மேக் புதிது என்பதை உறுதிசெய்க. முதல் பூட்டின்போது விஎம் செட்டிங்கில் 'கேபிள் கனெக்டட்' என்ற டிக்கை எடுத்துவிடுக. இந்த ஒரு டிக் பாதிச் சண்டையைத் தவிர்க்கும், ஆகவே எவரும் எடுப்பதில்லை. கன்சோல் வழியே உள்ளே போய் ஐபியும் ஹோஸ்ட்நேமும் கொடுத்து, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி, எக்செலில் எழுதுக. எந்த எக்செல் என்று முதலில் கேட்டுக்கொள்க. அந்த ஐபி வேறு எவரிடமும் இல்லை என்று ஆர்பிங் வைத்துப் பக்கத்துப் பொறியிலிருந்து சோதித்த பின் டிக்கைத் திரும்பப் போடுக. கேட்வேக்குப் பிங், பிறகு வெளியே பிங். கேட்வே தவறாக இருந்து பாக்கெட் இரு ரவுட்டர்களுக்கிடையே சுற்றிக்கொண்டே டிடிஎல் ஒவ்வொன்றாகக் குறைந்து சாகுமானால் அது சென்று தேய்ந்து இறுதல்; குளோனின் குற்றமன்று, ரவுட்டிங் அதிகாரத்தில் காண்க.

டெம்ப்ளேட்டைத் துடைத்து முடித்ததும் ஷட்டவுன் செய்ய வேண்டும். அதன்பின் அதை ஆன் செய்யக் கூடாது. ஆன் செய்தால் பொறி, தன் மெஷின்-ஐடி காலியாக இருப்பதைக் கண்டு புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். சாவி இல்லையென்று சாவி செய்துகொள்ளும். ரவுட்டரிடம் போய் ஐபி வாங்கிக்கொள்ளும். டெம்ப்ளேட் அந்த நிமிடமே மறுபடியும் ஓர் ஆள் ஆகிவிடும். அதற்குப் பின் எடுக்கும் படிகள் அனைத்தும் அந்த ஆளாகவே பிறக்கும்.

"முடிச்சாச்சுண்ணா. எல்லாம் கிளீன் பண்ணி ஷட்டவுன் பண்ணிட்டேன். இருவது குளோன் எடுத்து வெச்சிருக்கேன்."

"சூப்பர்டா. கிளம்பு, ட்ரெயின் வந்துரும்."

"எடுக்கறதுக்கு முன்னாடி, எல்லாம் சரியா இருக்கான்னு டெம்ப்ளேட்ட ஒரு தடவ ஆன் பண்ணியும் பாத்துட்டேண்ணா."